இரண்டு டிக்கெட், ஒரு பெட்டி

கொரட்டூர், பாடி, அம்பத்தூர் பக்கம் வெளிநாட்டில் பிள்ளைகள் இல்லாத தெரு குறைவு. தொழிற்பேட்டை வேலையை நம்பி 1960களிலும் 70களிலும் இங்கே வந்து வீடு கட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று லண்டனிலும் மெல்போர்னிலும் நியூ ஜெர்சியிலும் இருக்கிறார்கள். அவர்களைப் பார்க்கக் கிளம்பும் பெரியவர்களுக்கு டிக்கெட் போடும்போது தவறாமல் ஒரு கணக்கு எழும். சென்னையிலிருந்து லண்டனுக்கு ஒரே டிக்கெட்டாக எடுத்தால் ஒரு விலை. சென்னை–மும்பை ஒரு கம்பெனியிலும் மும்பை–லண்டன் வேறு கம்பெனியிலும் தனித்தனியாக எடுத்தால் சில சமயம் ஆளுக்குப் பல ஆயிரம் ரூபாய் மிச்சம். மிச்சம் பிடித்த கையோடு அடுத்த கேள்வி வரும்: "பெட்டி நேரா லண்டன் போயிடுமா, மும்பையில எடுத்துத் திரும்பப் போடணுமா?" பெரும்பாலும் எடுத்துத்தான் போடவேண்டும் என்பதே பதில். ஊர் ஒன்று, ஓடுபாதை ஒன்று, ஸ்கேனரும் பார்கோடும் ஒரே தரத்தில். பிறகு ஏன் இந்தப் பிடிவாதம் என்று எரிச்சல் வருவது நியாயம்தான். ஆனால் பெட்டியை நகர்த்துவதில் சிக்கல் எதுவும் இல்லை. பெட்டியோடு கூடவே ஒரு பொறுப்பும் கைமாற வேண்டியிருக்கிறது. அந்தப் பொறுப்பு ஒரே ஒப்பந்தத்தின் வழியாகத்தான் பயணம் செய்யும் என்பதைப் புரிந்துகொண்டால், கம்பெனிகள் மறுப்பதில் எது நியாயம், எது நியாயமில்லை என்பது தெளிவாகிவிடும்.

கவுண்டரில் கைப்பிடியில் சுற்றி ஒட்டும் நீளக் காகிதத்தை உற்றுப் பார்த்தாலே பாதி விஷயம் விளங்கும். பெரிய எழுத்தில் இறங்கும் ஊரின் மூன்றெழுத்துக் குறி இருக்கும்: சென்னைக்கு எம்.ஏ.ஏ., மும்பைக்கு பி.ஓ.எம்., லண்டன் ஹீத்ரோவுக்கு எல்.எச்.ஆர். அதை அடுத்து பார்கோடு, அதனருகே 10 இலக்க எண். சாதாரணப் பெட்டியென்றால் முதல் இலக்கம் 0. அடுத்த மூன்றும் டேக்கைக் கொடுத்த கம்பெனியின் எண்: ஏர் இந்தியாவுக்கு 098, இண்டிகோவுக்கு 312, எமிரேட்ஸுக்கு 176, சிங்கப்பூர் ஏர்லைன்ஸுக்கு 618. மிச்சமுள்ள ஆறும் வரிசை எண். பயணியின் இ-டிக்கெட் எண்ணும் அதை வழங்கிய கம்பெனியின் இதே மூன்று இலக்கங்களில்தான் தொடங்குகிறது. ஆக, டேக் ஒட்டிய நொடியிலேயே அந்தப் பெட்டிக்கு யார் பதில் சொல்லவேண்டும் என்பது அதன் கழுத்தில் எழுதப்பட்டுவிடுகிறது. ஆனால் எந்தத் தேதியில் எந்த விமானத்தில் ஏறவேண்டும் என்பது அந்த எண்ணுக்குள் இல்லை. அந்த விவரம் தனியே, கம்பெனியின் கணினியில் இருக்கிறது.

டேக் அச்சாகும்போதே கம்பெனியின் செக்-இன் கணினி, பெட்டிகளைப் பிரித்தனுப்பும் இயந்திரத்துக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்புகிறது. பெட்டி எண், பயணி பெயர், விமான எண், அடுத்து மாறவேண்டிய விமானம், ஏற்ற அனுமதி உண்டா என்ற விவரங்கள் அதில் இருக்கும். வழியில் மாறவேண்டிய ஊருக்கும் இந்தச் செய்தி போகும். அங்கே ஸ்கேனர் டேக்கைப் படித்ததும் இயந்திரம் அந்த எண்ணுக்குரிய செய்தியைத் தேடும். கிடைத்தால் உரிய பெல்ட்டில் தள்ளிவிடும். கிடைக்காவிட்டால், ஆள் வந்து பார்க்கும்வரை பெட்டி ஓரமாகக் கிடக்கும். தனித்தனி டிக்கெட் என்றால் சென்னை கவுண்டரில் இருப்பவரின் திரையில் மும்பையோடு பயணம் முடிந்துவிடுகிறது. லண்டன் விமானத்தை அவர் கையால் சேர்த்தாலும் போதாது. இந்தப் பயணி தன்னுடையவர்தான், டிக்கெட் செல்லும், எடை அனுமதிக்குள் இருக்கிறது, பெட்டியை எடுத்துக்கொள்கிறேன் என்று இரண்டாவது கம்பெனியின் கணினி ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்கு இரு கம்பெனிகளுக்கும் இடையே இன்டர்லைன் ஒப்பந்தமும் வேண்டும், கணினிகள் பேசிக்கொள்ளும் இணைப்பும் வேண்டும். இந்த ஒப்பந்தங்களுக்கான பொது ஏற்பாட்டைச் சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கமான அயாட்டா பல பத்தாண்டுகளாக நடத்திவருகிறது. குறைந்த கட்டணக் கம்பெனிகள் பலவும் அதற்கு வெளியே நிற்பதை ஒரு கொள்கையாகவே வைத்துத் தொடங்கியவை. ஓர் ஊரில் ஏற்றி மறு ஊரில் இறக்கிவிட்டு, அடுத்தவர் விமானத்துக்காகக் காத்திருக்காமல் திரும்பிப் பறப்பதால்தான் அவர்களால் அந்த விலைக்கு விற்க முடிகிறது.

கணினிச் சிக்கல் மட்டுமே என்றால் அதை என்றோ தீர்த்திருப்பார்கள். ஆழமான காரணம் சட்டத்தில் இருக்கிறது. சர்வதேச விமானப் பயணத்தில் பெட்டி தொலைந்தாலோ உடைந்தாலோ யார் எவ்வளவு தரவேண்டும் என்பதை 1999இன் மான்ட்ரியல் உடன்படிக்கை வரையறுக்கிறது. இந்தியா அதில் 2009இல் சேர்ந்தது. ஒவ்வொரு பெட்டிக்கும் அடையாளச் சீட்டு கொடுப்பது கம்பெனியின் கடமை என்று அதன் 3ஆம் பிரிவு சொல்கிறது. போர்டிங் பாஸின் பின்னால் ஒட்டித் தரும் சின்னத் துண்டு, 'பெற்றுக்கொண்டேன்' என்று கம்பெனி எழுதிக்கொடுத்த ரசீது. 36ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது: பல கம்பெனிகள் அடுத்தடுத்துச் சுமந்த பெட்டி தொலைந்தால், பயணி முதல் கம்பெனியிடமும் கேட்கலாம், கடைசிக் கம்பெனியிடமும் கேட்கலாம், எவர் கையில் இருக்கும்போது தொலைந்ததோ அவரிடமும் கேட்கலாம், அவர்கள் கூட்டாகப் பொறுப்பு. ஆனால் அந்த உரிமை கிடைக்கவேண்டுமானால், பயணம் முழுவதையும் ஒரே காரியமாக இரு தரப்பும் கருதியிருக்க வேண்டும். ஒரே டிக்கெட் இருந்தால் அதில் வாதத்துக்கே இடமில்லை. தனித்தனி டிக்கெட்டில், சென்னை–மும்பை கம்பெனிக்கு லண்டன் பயணம் பற்றி ஒன்றும் தெரியாது. தெரிந்துகொள்ளும் கடமையும் கிடையாது. அப்படியிருக்க லண்டன் வரை டேக் போட்டுக் கொடுத்தால், 'முழுப் பயணத்தையும் நீங்களே ஒன்றாகத்தானே கருதினீர்கள்' என்று நாளை ஒரு வழக்கறிஞர் அந்த டேக்கையே நீட்டி வாதிட இடமுண்டு. ஒரு ரூபாய் கூட வாங்காத தூரத்துக்குப் பொறுப்பேற்க எந்தக் கம்பெனியும் தயங்கத்தான் செய்யும்.

இதன் பணமதிப்பைப் பார்த்தால் ஒப்பந்தம் என்பது எவ்வளவு கனமான விஷயம் என்று தெரியும். மான்ட்ரியல் உடன்படிக்கைப்படி பெட்டி இழப்புக்கான உச்சவரம்பு 2024 டிசம்பர் 28 முதல் பயணி ஒருவருக்கு 1,519 எஸ்.டி.ஆர். இது சர்வதேச நாணய நிதியம் கணக்கிடும் செலாவணி அலகு. நம் பணத்தில் ஏறத்தாழ ஒன்றே முக்கால் லட்ச ரூபாய். உள்நாட்டுப் பயணத்துக்கோ, விமானப் போக்குவரத்து அமைச்சகம் 2019இல் வெளியிட்ட பயணியர் சாசனப்படி உச்சவரம்பு 20,000 ரூபாய். சென்னையிலிருந்து லண்டனுக்கு ஒரே டிக்கெட் இருந்தால் சென்னை–மும்பைத் துண்டும் சர்வதேசப் பயணத்தின் பகுதியாகிவிடும். தனி டிக்கெட் என்றால் அதே துண்டு வெறும் உள்நாட்டுப் பயணம். அதே விமானம், அதே பெட்டி, உள்ளே அதே பட்டுப்புடவையும் பருப்புப்பொடியும். டிக்கெட் பிரிந்த ஒரே காரணத்தால் கேட்கக்கூடிய ஈடு எட்டில் ஒரு பங்குக்குச் சுருங்கிவிடுகிறது. தனித்தனியாக எடுத்து மிச்சம் பிடித்த பணத்தின் ஒரு பகுதி எங்கிருந்து வந்தது என்பதற்கு இந்தக் கணக்கே விடை.

சட்டத்தைவிடப் பழைய காயம் ஒன்றும் இருக்கிறது. அதில் சென்னைக்கும் பங்குண்டு. 1984 ஆகஸ்ட் 2 இரவு மீனம்பாக்கத்தில், கொழும்பு செல்லும் ஏர் லங்கா விமானத்துக்கென்று ஒருவர் பெட்டிகளை ஒப்படைத்தார். ஆனால் அவர் விமானம் ஏறவில்லை. நிலையத்திலேயே தங்கிவிட்ட அந்தப் பெட்டிகள் வெடித்ததில் 30க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஓராண்டுகூட ஆகவில்லை, 1985 ஜூன் 22 அன்று கனடாவின் வான்கூவரில் ஒருவர் டொராண்டோ செல்லும் சி.பி. ஏர் விமானத்துக்குப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தார். டொராண்டோவுக்கு மேல் ஏர் இந்தியாவில் அவருக்கு இருக்கை உறுதியாகவில்லை. பெயர் காத்திருப்புப் பட்டியலில்தான் இருந்தது. ஆனாலும் பெட்டியை நேராக டெல்லி வரை போடும்படி கேட்டார். கவுண்டர் ஊழியர் முதலில் மறுத்தார். பயணி விடாமல் வாதிட்டார், பின்னால் வரிசை நீண்டது, கடைசியில் டேக் போடப்பட்டது. பயணி ஏறவே இல்லை. பெட்டி மட்டும் டொராண்டோவில் கைமாறி ஏர் இந்தியா விமானத்தில் ஏறியது. மறுநாள் அயர்லாந்துக் கடலோரத்தில் 31,000 அடி உயரத்தில் கனிஷ்கா என்ற அந்த ஏர் இந்தியா விமானம் வெடித்துச் சிதறி 329 பேர் இறந்தார்கள். அதற்குச் சுமார் ஒரு மணி நேரம் முன்பு, இதே வழியில் டோக்கியோவுக்கு அனுப்பப்பட்ட இன்னொரு பெட்டி, ஏர் இந்தியா விமானத்துக்கு மாற்றும்போது நரிட்டா நிலையத்தில் வெடித்து இரண்டு ஊழியர்களைக் கொன்றது. 1988 டிசம்பர் 21 அன்று லாக்கர்பியில் 270 பேரைக் கொன்ற பான் ஆம் விமான வழக்கிலும், ஆள் இல்லாமல் மால்டாவில் ஏறிய பெட்டி ஃபிராங்க்ஃபர்ட்டிலும் லண்டனிலும் விமானம் மாறி வந்ததென்றே நீதிமன்றம் முடிவுக்கு வந்தது.

இவை தனித்தனி டிக்கெட்டால் நேர்ந்தவை என்று சொல்லமுடியாது. ஆனால் கனிஷ்காவிலும் லாக்கர்பியிலும் ஓட்டை இருந்த இடம் ஒன்றே: ஒரு கம்பெனி வாங்கிய பெட்டியை இன்னொரு கம்பெனி ஏற்றும்போது, பெட்டிக்கு உரியவர் உள்ளே இருக்கிறாரா என்று பார்க்கவேண்டியவர் யார் என்பது நடுவில் நழுவிப்போயிற்று. அதன் பிறகுதான் பயணியையும் பெட்டியையும் பொருத்திப் பார்ப்பது உலகளாவிய விதியாக இறுகியது. இந்தியாவில் சிவில் விமானப் பாதுகாப்புப் பணியகம் 1978இல் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ.வுக்குள் ஒரு பிரிவாகத் தொடங்கி, கனிஷ்காவுக்குப் பின் 1987 ஏப்ரல் 1 முதல் தனித் துறையானது. இன்று பயணி ஏறவில்லையென்றால் விமானத்தின் வயிற்றைத் திறந்து அவர் பெட்டியைத் தேடி இறக்கிய பிறகுதான் கிளம்புவார்கள். தனித்தனி டிக்கெட்டில் இந்த நிலை வர வாய்ப்பு அதிகம். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது கம்பெனிக்கு அது தெரியவும் தெரியாது. அவர்கள் ஏட்டில் பயணி வெறுமனே வராதவர். ஆள் வராமல் பெட்டி மட்டும் வந்து சேர்ந்திருந்தால், அந்த ஒரு பெட்டிக்காக முந்நூறு பேர் காத்திருக்க வேண்டியதுதான்.

இப்போது எல்லாப் பெட்டியும் எக்ஸ்ரேயைத் தாண்டித்தானே போகிறது, இந்தப் பழைய கதையை ஏன் காரணம் காட்டவேண்டும் என்று கேட்கலாம். பலமான கேள்வி. பயணியோடு சேராமல் போன பெட்டியை, 'ரஷ்' டேக் போட்டு, கூடுதலாகச் சோதித்து, அடுத்த விமானத்தில் ஆள் இல்லாமலேயே அனுப்பத்தான் செய்கிறார்கள். ஆனால் அங்கே பிரிவு நேர்ந்தது கம்பெனியின் தவறால். தன் பெட்டி எந்த விமானத்தில் தனியாகப் போகும் என்று எந்தப் பயணியும் முன்கூட்டியே திட்டமிட முடியாது. பயணி தானாக ஏறாமல் விடுவது வேறு வகை. விதி இவை இரண்டையும் பிரித்துத்தான் பார்க்கிறது. தவிர, எந்த எக்ஸ்ரேயும் முழு உத்தரவாதம் தராது. ஒன்று தவறினால் இன்னொன்று பிடிக்கவேண்டும் என்பதற்காகத்தான் பாதுகாப்பு அடுக்கடுக்காக இருக்கிறது. பாதுகாப்பு மட்டுமே தடை என்று சொல்வதும் சரியாகாது என்பதை ஒப்புக்கொள்ளலாம். ஒரே டிக்கெட்டில் கம்பெனி மாறினாலும் பெட்டி தாராளமாக நேராகப் போகிறதே. அங்கே ஒப்பந்தம் இருக்கிறது. அதனால் யார் சோதித்தார், யார் பொருத்திப் பார்க்கவேண்டும், யார் இறக்கவேண்டும் என்பதெல்லாம் முன்பே எழுதிவைக்கப்பட்டிருக்கிறது.

'முன்பெல்லாம் இரண்டு டிக்கெட்டைக் காட்டினால் போட்டுக்கொடுத்தார்களே' என்பது அடுத்த ஆட்சேபம். உண்மைதான், சில கம்பெனிகள் இன்றும் செய்வதுண்டு. ஒன்வேர்ல்டு என்ற விமானக் கம்பெனிகள் கூட்டணி அதைத் தன் உறுப்பினர்களுக்குக் கட்டாயமாகவே வைத்திருந்து, 2016இல் அந்தக் கட்டாயத்தை நீக்கியது. பேராசை என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடலாம். ஆனால் புள்ளிவிவரம் வேறு காரணத்தையும் காட்டுகிறது. விமானத் துறைக்குத் தகவல் தொடர்பு வசதி தரும் சீட்டா நிறுவனத்தின் கணக்குப்படி 2024இல் உலகில் ஆயிரம் பயணிகளுக்கு 6.3 பெட்டிகள் தாமதமாகவோ சேதமாகவோ தொலைந்தோ போயின. தாமதமானவற்றில் 41 சதவீதம் விமானம் மாறும் இடத்தில் தவறியவை. நேராகப் பறக்கும் பெட்டிக்கு அவ்வளவு ஆபத்தில்லை. கைமாறும் இடம்தான் ஆபத்து. 2018 ஜூன் முதல் அயாட்டாவின் 753ஆம் தீர்மானப்படி, பெட்டியை வாங்கும்போது, விமானத்தில் ஏற்றும்போது, அடுத்தவரிடம் ஒப்படைக்கும்போது, பயணியிடம் திருப்பித் தரும்போது என நான்கு இடங்களில் பதிவு செய்யவேண்டும். ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் இப்போது சாட்சி இருக்கிறது. அதனால், தெரிந்தவர் என்றோ பெரியவர் என்றோ இரக்கப்பட்டு ஊழியர் போட்டுக்கொடுக்கும் டேக்கும் யாருடைய கணக்கிலாவது ஏறியே தீரும். பழைய தாராளம் சுருங்கியதற்கு இதுவும் ஒரு காரணம் என்று கொள்ளலாம்.

கொரட்டூரிலிருந்து கிளம்பும் குடும்பத்துக்கு இதெல்லாம் நடைமுறையில் எப்படி வந்து இடிக்கும் என்று பார்க்கலாம். முதல் இடி எடையில். லண்டன் டிக்கெட்டில் 23 கிலோ பெட்டி இரண்டு அனுமதி என்று வைத்துக்கொண்டால், உள்நாட்டு விமானத்தில் பொதுவாக 15 கிலோதான். மீனம்பாக்கம் கவுண்டரிலேயே மிச்சத்துக்குக் கிலோ கணக்கில் பணம் கட்டவேண்டும். ஒரே டிக்கெட்டாக இருந்தால் சர்வதேச அளவே முழுப் பயணத்துக்கும் பொருந்தியிருக்கும். இரண்டாவது, நேரத்தில். மும்பையில் டி1 முனையத்தில் இறங்கினால் பெட்டியை எடுத்துக்கொண்டு சாலை வழியே டி2 முனையத்துக்குப் போய், செக்-இன் மூடுவதற்குள் வரிசையில் நிற்கவேண்டும். ஒரே டிக்கெட்டை விற்கும் கணினி, நிலையம் குறித்த குறைந்தபட்ச இடைவெளி இல்லாமல் விற்காது. தனித்தனியாக எடுக்கும்போது அந்தக் காவல் இல்லை. மூன்றாவது இடிதான் பலரும் எதிர்பாராதது. துபாய் வழியாகவோ சிங்கப்பூர் வழியாகவோ தனித்தனி டிக்கெட் எடுத்தால், பெட்டி வரும் பெல்ட் இமிகிரேஷனைத் தாண்டித்தான் இருக்கும். அந்த நாட்டு விசா இல்லாத இந்தியப் பயணியால் தன் பெட்டியருகே போகவே முடியாது. இதைச் சென்னை கவுண்டரிலேயே கணினியில் பார்த்துவிட்டு விமானம் ஏற்ற மறுக்கலாம். உரிய விசா இல்லாதவரைக் கொண்டுபோய் இறக்கினால் அபராதமும் திருப்பிக் கூட்டிவரும் செலவும் கம்பெனி தலையில் விழும். 2023 டிசம்பர் முதல் விசா இல்லாமல் இந்தியர்களை அனுமதிக்கும் மலேசியா போன்ற இடம் என்றால் இந்தச் சிக்கல் குறையும். திரும்பி வரும்போதோ, ஒரே டிக்கெட் வைத்திருப்பவரும் பெரும்பாலும் இந்தியாவில் முதலில் இறங்கும் ஊரிலேயே பெட்டியை எடுத்துச் சுங்கத்தைக் கடக்கவேண்டும். ஆனால் அவர் வெளியே வந்ததும் டிரான்ஸ்ஃபர் கவுண்டரில் போட்டுவிட்டு நடக்கலாம். தனி டிக்கெட்காரர் புறப்பாட்டுப் பகுதிக்குப் போய் மறுபடி முதலிலிருந்து தொடங்கவேண்டும், அதே 15 கிலோ வரம்போடு.

இவ்வளவு சொன்ன பிறகும் கம்பெனிகள் தரப்பு முழுக்க நியாயமானது என்று முடிக்க முடியாது. ஒரே கம்பெனியில் இரண்டு பி.என்.ஆராக எடுத்திருந்தால் அங்கே அடுத்தவர் என்று எவருமில்லை. அங்கேயும் மறுத்தால், கணினியில் இல்லை என்ற பதில் சப்பைக்கட்டுதான். நம் ரயில்வே இதற்கு வழி காட்டியிருக்கிறது. 2019 ஏப்ரல் 1 முதல் இரண்டு பி.என்.ஆர்களை இணைத்துக்கொள்ளலாம், முதல் ரயில் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால், பயணம் செய்யாத பகுதிக்குப் பிடித்தம் இல்லாமல் பணம் திரும்ப வரும். ரயில்வேயால் அது முடிந்தது, இரண்டு ரயிலுக்கும் உரியவர் ஒருவரே என்பதால். அதே வசதி ஒரே விமானக் கம்பெனிக்கும் உண்டு. கம்பெனிகள் வேறானாலும் வழியில்லாமல் இல்லை. லண்டன் கேட்விக் நிலையத்தில் தனித்தனி டிக்கெட்காரர்கள் பெல்ட்டில் எடுத்த பெட்டியை அங்கேயே ஒரு மேசையில் ஒப்படைத்துவிட்டு அடுத்த விமானத்துக்குப் போகும் சேவை இயங்கியிருக்கிறது. நடுவில் நின்று பொறுப்பை வாங்கிக்கொள்ள ஒருவர் முன்வந்தால் பெட்டி நகரும் என்பதற்கு அது நல்ல சான்று; மும்பைக்கும் டெல்லிக்கும் அப்படி ஒன்றைக் கேட்பது பேராசையாகாது.

அதைவிட அவசரமானது விற்கும் இடத்தில் வேண்டிய நேர்மை. இரண்டு கம்பெனிகளின் டிக்கெட்டை ஒரே பயணம்போல் அடுத்தடுத்துக் காட்டி விற்கும் இணையதளங்களும் ஏஜென்ட்டுகளும், பெட்டியை நடுவில் எடுக்கவேண்டும், முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது டிக்கெட் போய்விடும், விசா தேவைப்படலாம் என்ற மூன்றையும் பணம் கட்டும் பக்கத்திலேயே கண்ணில் படும்படி சொல்லக் கட்டாயப்படுத்த வேண்டும். வாங்குகிறவர் செய்யவேண்டிய கணக்கும் எளிது. மிச்சமாகும் பணத்திலிருந்து கூடுதல் எடைக்கான கட்டணத்தையும், தேவையானால் விசாச் செலவையும், இடைவெளியைத் தாராளமாக வைப்பதற்கான ஒரு இரவுத் தங்கலையும் கழித்துப் பார்க்கலாம். கைப்பையோடு போகும் இளைஞருக்கு அப்போதும் மிச்சம் நிற்கும், தனித்தனியாக எடுக்கட்டும். 23 கிலோவில் இரண்டு பெட்டியோடு, இந்தி தெரியாமல், முழங்கால் வலியோடு முதல் முறை போகும் தம்பதிக்குப் பெரும்பாலும் ஒன்றும் நிற்காது. அவர்களுக்கு ஒரே டிக்கெட்டின் கூடுதல் விலை, பெட்டிக்கும் தங்களுக்கும் கடைசி ஊர் வரை ஒருவர் பதில் சொல்வதற்கான கட்டணம். அந்தக் கட்டணத்தைக் கொடுப்பதா வேண்டாமா என்பதை டிக்கெட் போடும் அன்றைக்கே முடிவு செய்துவிட வேண்டும். மீனம்பாக்கம் கவுண்டரில் நின்று கேட்கும்போது முடிவெடுக்க அங்கே எதுவும் மிச்சம் இருக்காது.